காணாமல் போன ஒரு சத்தம்

எங்கள் தெருவில் இப்போது பதினெட்டுக் கார்கள் நிற்கின்றன. போன வாரம் சாயங்காலம் நடை போகும்போது எண்ணிப் பார்த்தேன். இருபது வருஷத்துக்கு முன்னால் இதே தெருவில் ஐந்துதான். ஆனால் அந்த ஐந்தும் காலையில் தெருமுனையில் திரும்புவது எனக்குப் படுக்கையிலேயே தெரியும். ‘கீ...ச்’ என்று ஓர் இழுப்பு. ஸ்டியரிங் நேரானதும் நின்றுவிடும். எதிர்வீட்டுக் கார் அணில் மாதிரி மெல்லிசாகக் கத்தும். கடைசி வீட்டுக் கார் கத்தினால் பால்காரரின் சைக்கிளே ஒதுங்கும். இன்று பதினெட்டில் ஒன்றுகூடக் கத்துவதில்லை.

ஒரு சத்தத்துக்கெல்லாம் வரலாறு எழுதுவார்களா என்று என் வீட்டம்மாள் கேட்டாள். இந்தச் சத்தத்துக்குப் பிறந்த காலம் உண்டு, ஏறக்குறைய செத்த காலமும் உண்டு. அப்படியானால் வரலாறு இருக்கத்தானே செய்யும்? அதோடு, இந்தச் சத்தத்தின்பேரில் ஒரு மனிதருக்கு நான் பட்ட கடன் ஒன்றும் இருக்கிறது. அதையும் எழுதி இறக்கிவைக்க வேண்டும்.

வண்டி கத்தினால் நம் ஆட்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். சோழவந்தான் பக்கம் தாத்தா வீட்டில் மாட்டு வண்டியின் அச்சு காய்ந்துபோனால் ஊருக்கே கேட்கிற மாதிரி கிறீச்சிடும். தாத்தா வண்டியை நிறுத்தி, அடியில் தொங்குகிற மைக்கூட்டில் குச்சியை விட்டு, அச்சில் வண்டி மையைத் தடவுவார். சத்தம் அடங்கிவிடும். கத்தினால் எண்ணெய் போடு என்பது அப்படித்தான் என் மண்டையில் ஏறியது. அதே ஊரில் மாவு மில்லும் இருந்தது. அங்கே நீளமான தோல் பெல்ட் கத்தினால் மில்காரர் எண்ணெய் போடமாட்டார். பிசின் மாதிரி ஒரு கட்டியை எடுத்து ஓடுகிற பெல்ட்டில் தேய்ப்பார். அச்சுக்கு வழுக்கல் வேண்டும், பெல்ட்டுக்குப் பிடிப்பு வேண்டும். இரண்டையும் கண்ணால் பார்த்தவன் நான். ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொண்டேன். அதற்கான விலை பிறகு வந்தது.

காருக்கு வருவோம். உத்தரபாராவில் 1958-லிருந்து செய்த அம்பாசிடரை ஓட்டிய கைகள் இதை வாசிப்பவர்களில் நிறைய இருக்கும். அந்தப் பெரிய வட்ட ஸ்டியரிங் அழகுக்காக வைத்ததல்ல. வட்டம் பெரிதாக இருந்தால்தான் நிற்கிற வண்டியின் சக்கரத்தைக் கையால் திருப்ப முடியும். பியட்டும் அப்படித்தான். சென்னை பெருங்களத்தூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு மட்டும் கொஞ்சம் வித்தியாசம். எங்கள் வங்கி மேலாளர் ஒருவரிடம் இருந்தது. சுமார் 25 அடி விட்டத்துக்குள் ஒரு முழு வட்டம் போட்டுவிடும். தெற்குமாசி வீதியில் அவர் அப்படியே திருப்பிக் காட்டி எங்களை வாய்பிளக்க வைப்பார்.

பஸ் ஓட்டியவர்கள் பாடுதான் பாடு. 1972-ல் டி.வி.எஸ். பஸ்கள் அரசுடைமையாகிப் பாண்டியன் ரோட்வேஸ் ஆன சமயம் நான் கல்லூரி மாணவன். சிம்மக்கல் திருப்பத்தில் டிரைவர் சீட்டைவிட்டுப் பாதி எழுந்து, உடம்பின் எடையை முழுக்க ஸ்டியரிங்மேல் போட்டுத்தான் திருப்புவார். திரும்பி முடிந்ததும் தோள் துண்டால் முகத்தைத் துடைப்பார். முன்சீட்டுக்காரர்களுக்கே மூச்சு வாங்கும். அந்த வண்டிகளிலும் ஃபேன் பெல்ட் கத்தியது உண்டு. ஆனால் அது ஸ்டார்ட் செய்யும்போது கத்தும், மழையில் கத்தும். திரும்பும்போது மட்டும் கத்துகிற பழக்கம் அவற்றுக்கு இல்லை. கத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லையே. திருப்புகிற வேலை முழுவதும் மனிதனுடைய தோளில் அல்லவா இருந்தது.

அந்த வேலையைத் தோளிலிருந்து இறக்கியவர் பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்க இன்ஜினியர். நியூயார்க் மாநிலம் பஃபலோ நகரில் பியர்ஸ் ஆரோ என்ற கம்பெனியின் லாரிப் பிரிவில் வேலை பார்த்தவர். கனமான லாரிகளைத் திருப்ப டிரைவர்கள் படுகிற அவஸ்தையை அருகிலிருந்து பார்த்திருக்கிறார். 1922-ல் வேலையை விட்டுவிட்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்தம் என்ற ஊரில் ஒரு சின்னப் பட்டறை பிடித்து, ஜார்ஜ் ஜெசப் என்ற உதவியாளரை வைத்துக்கொண்டு இந்த ஒரு காரியத்தில் இறங்கினார். நான் 34 வருஷம் வங்கியில் இருந்தவன். நல்ல வேலையை விட்டுவிட்டு, விற்குமா என்றே தெரியாத ஒரு பொருளைச் செய்ய வருகிற ஆளுக்குக் கடன் கொடுத்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். கொடுத்திருக்கமாட்டேன்.

அழுத்தம் ஏற்றிய எண்ணெயைக் கொண்டு சக்கரத்தைத் தள்ளலாம் என்பது அவருக்கு முன்பே பலருக்குத் தெரியும். சிக்கல் என்னவென்றால், எண்ணெயை எப்போதும் அழுத்தத்திலேயே அடைத்துவைத்தால் அது எங்காவது ஒழுகும். டேவிஸ் அதைத் தலைகீழாக மாற்றினார். வால்வை எப்போதும் திறந்தே வைத்தார். வண்டி நேராகப் போகும்போது பம்ப்பிலிருந்து எண்ணெய் சும்மா சுற்றி வந்துகொண்டே இருக்கும், அழுத்தமே இருக்காது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் மட்டும் வால்வு ஒரு பக்கம் மூடி, அழுத்தம் எகிறி, சக்கரத்தைத் தள்ளும். வாய்க்கால் தண்ணீர் தானாக ஓடிக்கொண்டிருக்க, தேவைப்படும்போது மட்டும் மடையை அடைத்து வயலுக்குத் திருப்புகிற மாதிரி.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் சத்தத்தின் பிறப்பு இங்கேதான். நேராகப் போகும்போது பம்ப்புக்கு வேலை கிடையாது. திரும்பும்போது மட்டும் திடீரென்று பெரிய சுமை வரும். ஸ்கூட்டர் டயரில் இருக்கிற காற்றழுத்தத்தைப்போல சுமார் நாற்பது மடங்கு வரை ஏறும். அந்தப் பம்ப்பைச் சுழற்றுவது இன்ஜினிலிருந்து வருகிற ஒரு ரப்பர் பெல்ட். பெல்ட் தளர்ந்திருந்தால் அந்த ஒரு கணத்தில் பிடிப்புப் போய் வழுக்கும். வழுக்கும், பிடிக்கும், வழுக்கும், பிடிக்கும், ஒரு விநாடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை. வயலின் தந்தியில் வில் செய்கிற அதே வேலை. நமக்கு அது கீச்சாகக் கேட்கிறது.

1926-ல் டேவிஸ் தன் சாதனத்தைப் பொருத்திய காரை டெட்ராய்ட்டுக்கே ஓட்டிக்கொண்டுபோய் ஜெனரல் மோட்டார்ஸ்காரர்களிடம் காட்டினார். அவர்களுக்குப் பிடித்துப்போய் ஒப்பந்தமும் ஆனது. அப்புறம் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். செலவு கட்டுப்படியாகாது என்று 1934-ல் கைவிட்டுவிட்டார்கள். மனிதர் 1936-ல் பெண்டிக்ஸ் கம்பெனியிடம் போனார். இரண்டாம் உலகப் போர் வந்தது. போர்க் கவச வண்டிகள் கனமானவை அல்லவா, ராணுவம் இதை ஆயிரக்கணக்கில் வாங்கிப் பொருத்தியது. இத்தனைக்குப் பிறகும் சாதாரணக் காரில் ஏறவில்லை. கடைசியில் 1951-ல் கிரைஸ்லர் கம்பெனி தன் இம்பீரியல் காரில் ‘ஹைட்ராகைடு’ என்ற பெயரில் பவர் ஸ்டியரிங்கைக் கொண்டுவந்தது. அதற்குள் டேவிஸின் காப்புரிமைகள் சில காலாவதியாகிவிட்டன. அவற்றை வைத்துத்தான் கிரைஸ்லர் செய்தது, டேவிஸுக்குக் காசு கிடையாது. அதைப் பார்த்துப் பதறிப்போய்தான் ஜெனரல் மோட்டார்ஸ் மறுபடி டேவிஸைத் தேடிப் போனது. 1952 காடிலாக்கில் ஏறியது அவருடைய அமைப்பு. 1926-ல் ஓட்டிக் காட்டியதற்கு 26 வருஷம் கழித்து.

நம் பக்கம் முதலில் பலன் பெற்றவை கனரக வண்டிகள். எண்ணூர் அசோக் லேலண்ட் 1960-களின் கடைசியிலேயே பவர் ஸ்டியரிங் கொடுக்க ஆரம்பித்தது. வேளச்சேரியில் சாதாரண ஸ்டியரிங் கியர் செய்துவந்த ரானே குழுமம் 1980-களின் இறுதியில் பவர் ஸ்டியரிங் செய்ய இறங்கியது. சிம்மக்கல் பஸ் டிரைவர்களுக்கு அது வந்து சேர எத்தனை காலம் ஆனது என்பதை அவர்கள் தோள்கள்தான் சொல்லவேண்டும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-க்கு அது தேவைப்படவே இல்லை. வண்டியே அவ்வளவு லேசு. சின்னக் கார்களில் எண்ணெய்ப் பம்ப்பும் பெல்ட்டும் பரவலானது 2000-ஐ ஒட்டிய வருஷங்களில். எங்கள் தெருவில் கீச்சுகள் கேட்க ஆரம்பித்ததும் அப்போதுதான்.

நான் பவர் ஸ்டியரிங் வண்டி வாங்கியது 2006-ல். செகண்ட் ஹேண்ட். வலது தோள்பட்டை இறுகிப்போய், கையைத் தூக்கித் தலை சீவக்கூட முடியாத நேரம். காளவாசல் பக்கம் ஒரு பட்டறை வைத்திருந்த பாய்தான் பத்து வருஷமாக என் வண்டிகளுக்கு வைத்தியர். வாங்கிய கையோடு வண்டியை அவரிடம் விட்டேன். பழைய பெல்ட் வெடித்திருக்கிறது என்று புதுசு மாற்றினார். கொடுக்கும்போது, “ஒரு மாசங்கழிச்சுக் கொண்டாங்க சார். புது பெல்ட்டு கொஞ்சம் நீளும், டைட் வைக்கணும்” என்றார். சரி பாய் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். போகவில்லை. கூப்பிட்டு ஞாபகப்படுத்தவா செய்வார்கள்?

ஐப்பசி மழையில் ஒரு காலை, கேட்டிலிருந்து வெளியே எடுத்துத் திருப்பும்போது முதல் கீச்சு. இரண்டு நாளில் தெருவுக்கே கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? தாத்தாவின் பேரன் அல்லவா. பானெட்டைத் திறந்தேன். பவர் ஸ்டியரிங் ஆயில் டப்பா ஒன்று இருந்தது, கொஞ்சம் குறைந்த மாதிரி தெரிந்தது. கடையில் ஆயில் வாங்கிவந்து வாய் வரைக்கும் ஊற்றினேன். டப்பாவில் அளவுக்கோடு இருப்பதைக் கண்ணாடி போடாமல் யார் பார்த்தது? மறுநாள் சத்தம் இரண்டு மடங்கானது.

நேரே பாயிடம் போனேன். பட்டறையில் நாலைந்து பேர் நின்றார்கள். அத்தனை பேருக்கும் முன்னால், “டூப்ளிகேட் பெல்ட்டைப் போட்டு ஏமாத்திட்டீங்களே பாய், உங்கள நம்பித்தானே வந்தேன்” என்றேன். அந்த வார்த்தை அப்படியே நினைவிருக்கிறது. அவர் கையைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்துக்கொண்டே, “விட்டுட்டுப் போங்க சார், பாக்குறேன்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் விடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய ஒர்க்ஷாப்புக்குப் போனேன். அங்கே பையன் ஒருவன் ஓட்டிப் பார்த்துவிட்டு, பம்ப் போய்விட்டது, ராக்கையும் சேர்த்து மாற்றினால்தான் நிற்கும், பதினாறாயிரம் ஆகும் என்று தாளில் எழுதிக் கொடுத்தான். அந்த வருஷம் அந்தத் தொகை எனக்குச் சின்னதில்லை. மகளின் கடைசி வருஷக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது.

ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, மறுநாள் மத்தியானம், பட்டறையில் கூட்டம் இருக்காத நேரமாகப் பார்த்து, திரும்பப் போனேன். பாய் ஒன்றும் கேட்கவில்லை. முதலில் இன்ஜினை நிறுத்தச் சொல்லி, ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அசைக்கச் சொன்னார். சத்தம் இல்லை. இன்ஜின் ஓடாமலே கிறீச்சிட்டால் காய்ந்துபோன ரப்பர் புஷ்ஷாக இருக்கும் என்றார். அப்புறம் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். “வண்டி நகர வேண்டாம், வீல மட்டும் திருப்புங்க.” கீச்சு. நிற்கிற வண்டியிலேயே கத்துகிறது. அப்படியானால் வீல் பேரிங் இல்லை, பிரேக் தகடு உரசுவதும் இல்லை. அச்சு மூட்டு போயிருந்தால் ஓட்டித் திருப்பும்போது டக் டக் என்று கேட்கும், கீச்சிடாது. கடைசி வரை திருப்பச் சொன்னார். சத்தம் உச்சத்துக்குப் போனது. “போதும், விடுங்க! அங்கயே பிடிச்சு வைக்காதீங்க, ஆயில் காஞ்சு பம்ப்பு போயிரும்.” பம்ப் கெட்டிருந்தாலோ ஆயில் குறைந்திருந்தாலோ முனகுமாம், ஊ என்று ஊளையிடுமாம். இப்படிக் கத்துவது பெல்ட் மட்டும்தான். பதினாறாயிரம் ரூபாய்த் தாள் என் சட்டைப்பையில் இருந்தது.

அடுத்து அவர் செய்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. பிளாஸ்டிக் மக்கில் தண்ணீர் எடுத்து, ஓடுகிற பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சமாகத் தெளித்தார். என்னைத் திருப்பச் சொன்னார். கத்தல் கூடியது. தண்ணீர் பட்டதும் சத்தம் சட்டென்று அடங்கிக் கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தால், புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று அர்த்தம். தண்ணீர் பட்டதும் கூடினால் பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம். இதைப் பிற்பாடு நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். பெல்ட் கம்பெனிகளே சொல்லித்தருகிற சோதனைதான். அவர் எங்கும் படித்திருக்க மாட்டார்.

இன்ஜினை அணைத்துவிட்டு பெல்ட்டை விரலால் தடவினார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். டப்பா மூடியைத் திறந்து பார்த்தார். “ஆயில் யார் சார் ஊத்துனது?”

எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. வாய் வரை ஊற்றிய எண்ணெய், இன்ஜின் சூட்டில் விரிந்து, மூடி வழியாகக் கசிந்து, நேர் கீழே ஓடுகிற பெல்ட்டில் சொட்டியிருக்கிறது. தளர்ந்த பெல்ட் முதலில் கத்தியது, நான் டைட் வைக்கக் கொண்டுபோகாததால். பிறகு கத்தல் இரட்டிப்பானது, நான் எண்ணெய் ஊற்றியதால். பெல்ட்டில் ஒரு குற்றமும் இல்லை. நம்மூர் கோச்சடையில் ஃபென்னர் ஆலை இருக்கிறது. பெல்ட் செய்து பிழைத்த குடும்பங்கள் இந்த ஊரில் எத்தனையோ. மதுரைக்காரனுக்கு பெல்ட்டில் எண்ணெய் படக்கூடாது என்று தெரியவில்லை.

உதவியாளாக இருந்த பையன் சிரிக்கப் பார்த்தான். பாய் அவனை டீ வாங்கிவர அனுப்பிவிட்டார். அதை நான் கவனித்தேன்.

வேலை ஒன்றரை மணி நேரம். ஊசிக்குழாயால் டப்பாவிலிருந்து கூடுதல் ஆயிலை உறிஞ்சி எடுத்து அளவுக்கோட்டில் நிறுத்தினார். எண்ணெய் ஊறிய பெல்ட்டைத் துடைத்துப் பிரயோஜனம் இல்லை, ரப்பர் ஊதிப்போயிருக்கும் என்று கழற்றிவிட்டார். புல்லியின் ஒவ்வொரு பள்ளத்தையும் சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்துக் காயவிட்டார். இதைச் செய்யாமல் புது பெல்ட் போட்டால் மறுநாளே அதிலும் எண்ணெய் ஏறிவிடும். புதுசைப் போட்டு, நீளமான இடைவெளியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, அரை அங்குலம் போல் அமுங்கும்படி டைட் வைத்தார். ரொம்ப இறுக்கினால் சத்தம் நிற்கும், ஆனால் பம்ப் பேரிங் போய்விடும் என்றார். பிறகு நான் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை.

புது பெல்ட்டுக்கான காசை மட்டும் வாங்கினார். நான் கூட ஒரு நூறு ரூபாயை நீட்டினேன். “எதுக்கு சார்?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எதற்கு என்று சொல்லியிருக்க வேண்டும். நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தையை ஒருத்தரும் இல்லாத இடத்தில்கூடத் திரும்ப எடுக்க எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு மாதம் கழித்து டைட் வைக்கச் சரியாகப் போனேன். அன்றும் சொல்லவில்லை. அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

இதற்கிடையில் சத்தத்துக்கே முடிவு வந்துகொண்டிருந்தது. 1988-லேயே ஜப்பானில் சுசூகி தன் செர்வோ என்ற சின்னக் காரில் எண்ணெய் இல்லாத, மின்சார மோட்டாரால் உதவுகிற ஸ்டியரிங்கை வைத்தது. டேவிஸின் எண்ணெய், வேண்டுமோ வேண்டாமோ, வண்டி ஓடுகிற நேரமெல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒழுகலைத் தவிர்க்க அவர் கண்டுபிடித்த அந்தத் தந்திரமே பெட்ரோலைத் தின்கிறது என்று பிற்காலத்தில் கணக்குப் போட்டார்கள். மோட்டாரோ திருப்பினால் மட்டும் மின்சாரம் எடுக்கும். பம்ப் போனது, டப்பா போனது, அதை ஓட்டிய பெல்ட்டும் போனது. இன்று எங்கள் தெருவில் நிற்கிற புதுக் கார்கள் எல்லாம் இந்த ஜாதிதான். இப்போது கார் திரும்பும்போது கீச்சிட்டால் வேறெங்காவது தேட வேண்டும். பளபளவென்று பெயின்ட் அடித்த மால் தரையில் டயர் கத்துவதைக் கேட்டுப் பயந்து போன் செய்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

போன மாதம் காளவாசல் பக்கம் போனேன். பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். விசாரித்து, மகன் வீட்டைக் கண்டுபிடித்தேன். “அத்தா, ஒங்களப் பாக்க யாரோ வந்திருக்காங்க” என்று மகன் உள்ளே குரல் கொடுத்தார். பாய் எண்பதைத் தாண்டிவிட்டார். காது கொஞ்சம் மந்தம். என்னை அடையாளம் தெரியவில்லை. வண்டி நிறத்தைச் சொன்னதும் சிரித்தார்.

“அந்தப் பச்சை வண்டியா? நல்ல வண்டி சார் அது.”

நான் அந்த நாளைப் பற்றிச் சொன்னேன். நாலு பேர் முன்னால் என்ன சொன்னேன் என்பதையும், அது என் தப்பு என்பதையும் சத்தமாக, அவர் காதில் விழுகிற மாதிரி, மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் நிற்கும்போதே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். நினைவிருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மருமகளிடம் டீ போடச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அப்புறம் என் பக்கம் குனிந்து, “இப்ப அளவாத்தானே ஊத்துறீங்க?” என்றார்.

“இப்ப உள்ள வண்டில ஸ்டியரிங்குக்கு ஆயிலே கிடையாது பாய்.”

“பெல்ட்டு?”

“அதுவும் இல்ல. எல்லாம் மோட்டார்தான்.”

கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப கெட்டுப்போனா எப்பிடிச் சார் கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டார்.